நாற்பத்தாறாம் எண் பல்

கரடியூர்,
12.06.2023

அன்புள்ள சௌமியாவுக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் மாமாவும் சுகம். ஜபல்பூர் வெயிலில் உனக்கு மறுபடியும் மூக்கில் ரத்தம் வந்ததா? தலையில் துணி போடாமல் வெளியே போகாதே.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நம் ஊரில் சிக்னல் கிடைப்பது பஸ் நிற்கும் வளைவில் மட்டும்தான். அங்கே நின்று பேசினால் ஊரே கேட்டு, எனக்கு முன்னால் பதிலும் சொல்லிவிடுகிறது. அதனால்தான் கடிதம்.

நீ படித்த அருந்தவம் பல் மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக ஒரு நிர்வாகக் குழு அமைத்திருக்கிறார்கள். மொத்தம் பன்னிரண்டு பேர். டாக்டர்கள் எட்டு, நர்ஸ் ஒருவர், மாணவர் ஒருவர். மீதி இரண்டு பேர் பொதுமக்கள் சார்பில். ஒருவர் ஏற்காட்டுக் கடைவீதியில் பாத்திரக் கடை வைத்திருக்கும் ரஹமத்துல்லா பாய். இன்னொருவர் உன் அக்கா!

மகளிர் குழுக்களின் கூட்டமைப்புத் தலைவி என்பதால் என் பெயரைக் கொடுத்திருக்கிறார்கள். முதல் கூட்டத்துக்கு காப்பித் தோட்டத்திலிருந்து அப்படியே ஜீப் பிடித்துக் குப்பனூருக்கு இறங்கினேன். ஒவ்வொருவர் முன்னாலும் பெயர்ப்பலகை வைத்திருந்தார்கள். டாக்டர்களின் பெயருக்குப் பின்னால் பட்டங்கள் ரயில் பெட்டி மாதிரி நீண்டுகொண்டே போனதால் எழுத்து பொடியாகிவிட்டது. எனக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. அதனால் 'இளவரசி' என்று எல்லோரையும் விடப் பெரிதாக இருந்தது.

காகிதங்கள் எல்லாம் ஆங்கிலத்தில். கல்லூரி முதல்வர்தான் குழுவுக்கும் தலைவர். "எல்லோருக்கும் சம்மதம்தானே?" என்றார். "ஏனுங்க, தமிழ்ல ஒரு காப்பி குடுத்தீங்கன்னா, தலையாட்டறதுக்கு முன்னால நானும் படிச்சுப் பாத்துக்குவனுங்க" என்றேன். சிலர் சிரித்தார்கள். ஆனால் கொடுக்கச் சொல்லிவிட்டார்.

நீ அங்கே ஐந்து வருஷம் படித்தவள். இப்போது ஜபல்பூரில் ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் ஆசிரியை. நான் அங்கே எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று எழுது. கூட்டத்தில் 'மாணவர் கோட்டா' என்று மூன்று தடவை சொன்னார்கள். அப்படி என்றால் என்ன?

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
இளவரசி


ஜபல்பூர்,
21.06.2023

அன்பு அக்காவுக்கு,

வணக்கம். மூக்கில் ரத்தம் வரவில்லை. மழை தொடங்கிவிட்டது. உங்களுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தை இங்கே என்னுடன் வேலை செய்பவர்களுக்கெல்லாம் இந்தியில் மொழிபெயர்த்துப் படித்துக் காட்டினேன். ரயில் பெட்டி வந்த இடத்தில் எங்கள் துறைத் தலைவர் தன் பெயர்ப்பலகையைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். எனக்கு அன்று முழுவதும் தலை நிமிர்ந்தே இருந்தது.

கேட்டதற்குப் பதில். அறக்கட்டளைதான் முதலாளி. அதன் தலைவர் அன்பழகன் சார். அவருக்குக் கீழே முதல்வர். வேறு பல ஊர்களில் படிப்பைப் பார்க்க முதல்வர், நோயாளிகளைப் பார்க்க மருத்துவக் கண்காணிப்பாளர் என்று இரண்டு பேர் இருப்பார்கள். அருந்தவத்தில் இரண்டும் ஒருவரே. நிர்வாகக் குழு பரிந்துரை செய்யலாம், அறக்கட்டளைதான் முடிவு செய்யும்.

ஒவ்வொரு கூட்டத்திலும் போன கூட்டத்தின் குறிப்பை வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் கேட்ட கேள்வி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள். புகார்ப் புத்தகத்தைக் காட்டச் சொல்லுங்கள். அது வெள்ளையாக இருந்தால் புகார் இல்லை என்று நம்பிவிடாதீர்கள். புத்தகம் எங்கே இருக்கிறது என்று வரிசையில் நிற்பவர்களைக் கேளுங்கள்.

கோட்டா பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன். வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புத் தங்கை,
சௌமியா


கரடியூர்,
20.07.2023

அன்புள்ள சௌமியா,

நலமா? மிளகுக் கொடிகளுக்கு நல்ல மழை. முழங்கால் வலியை நான் கவனிக்காவிட்டால் அதுவும் என்னைக் கவனிப்பதில்லை.

நீ சொன்னபடி செய்தேன். குறிப்பில் என் கேள்வி இல்லை. நான் பேனாவை மூடி வைத்துவிட்டேன். பக்கத்தில் ரஹமத்துல்லா பாயும் மூடிவிட்டார். உடனே எழுதிச் சேர்த்தார்கள். புகார்ப் புத்தகம் முதல்வர் அறைப் பீரோவில் பூட்டியிருந்தது. இப்போது சீட்டுப் பதியும் ஜன்னலில் கயிறு கட்டித் தொங்குகிறது.

நான் குழுவில் இருப்பது தெரிந்து ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். மஞ்சக்குட்டையிலிருந்து கண்ணம்மாள் என்று ஒருவர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். சொந்தத்தில் கொஞ்சம் காப்பி, சாமை விதைக்கிறவர். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், முகாம் என்று கல்லூரி பஸ் மலைக்கு வந்து ஆட்களை ஏற்றிப் போனதாம். போனவர் வலித்த பல்லோடு திரும்பி வந்திருக்கிறார். பக்கத்தில் இருந்த நல்ல பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். "சண்டைக்கு வரலீங்க அம்மணி. ஏன் அப்படி ஆச்சுன்னு கேட்டுச் சொன்னாப் போதுமுங்க" என்றார். அந்தப் பக்கத்துக் கடைவாயில் இன்றைக்கும் மெல்ல முடியவில்லை.

அந்த முகாம் பஸ் ஒவ்வொரு வருஷமும் பரீட்சைக்கு முன்னால்தான் வருமாம். ஏன்? கோட்டா என்பது இதுதானா?

பதில் போடு. அடுத்த கூட்டத்துக்கு முன்னால் தெரிய வேண்டும்.

அக்கா


கரடியூர்,
28.08.2023

அன்புள்ள சௌமியா,

உனக்கு உடம்பு சரியில்லையா? போன கடிதம் வந்து சேர்ந்ததா? வளைவுக்குப் போய் இரண்டு தடவை போன் செய்தேன். "வேலையாக இருக்கிறேன் அக்கா, எழுதுகிறேன்" என்றாய். சரி.

கோட்டா என்றால் என்ன என்று உன்னிடம் கேட்டதை மாணவப் பிரதிநிதியிடம் கேட்டேன். தீபிகா என்று ஒரு பெண், இறுதியாண்டு. பரீட்சை எழுத இத்தனை பல் பிடுங்கியிருக்க வேண்டும், இத்தனை அடைத்திருக்க வேண்டும் என்று எண்ணிக்கை உண்டாம். தலை குனிந்துகொண்டுதான் சொன்னது.

கூட்டத்தில் கண்ணம்மாள் பற்றிக் கேட்டேன். முதல்வர் கோபப்படவில்லை. "பழக்கம் இல்லாமல் கை எப்படித் திருந்தும் அம்மா? எண்ணிக்கை வேண்டும்தானே?" என்றார். அதுவும் நியாயம்தான். ஆனால் நான் ஒன்று கேட்டேன். "எண்ணிக்கை கேக்கறவரும் நீங்க, பல்லக் காப்பாத்தோணும்னு சொல்றவரும் நீங்கன்னா, நோயாளி யாருகிட்டப் போய்ச் சொல்றதுங்க?"

பிறகு அவர், ஆதாரம் இருந்தால் கொண்டுவாருங்கள், பதிவேடுகளைப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு என்றார். பார்க்கப் போகிறேன்.

ஒரு வரியாவது எழுது கண்ணு.

அக்கா


ஜபல்பூர்,
11.09.2023

அன்பு அக்காவுக்கு,

நலம். கடிதங்கள் இரண்டும் வந்தன. இங்கே தேர்வு நேரம், அதனால்தான் தாமதம். மாமாவுக்கு ஒரு ஸ்வெட்டர் அனுப்பியிருக்கிறேன். அளவு சரியாக இருக்கிறதா?

நீங்கள் கேட்ட கேள்வி சரியான கேள்வி. ஆனால் பழைய பதிவேடுகளைத் தேட வேண்டாம் என்று நினைக்கிறேன். ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. பாதி கிழிந்திருக்கும். இனி நடக்க வேண்டியதற்கு விதி எழுதச் சொல்லுங்கள், அதுதான் பயன். நடந்ததைக் கிளறினால் யாருக்கும் பல் திரும்ப முளைக்காது.

கண்ணம்மாள் அம்மாவுக்கு இப்போது வலி இருக்கிறதா?

சௌமியா


கரடியூர்,
09.10.2023

அன்புள்ள சௌமியா,

ஸ்வெட்டர் மாமாவுக்குக் கச்சிதம். கழற்ற மாட்டேன் என்கிறார். நாங்கள் நலம். பனி இறங்கத் தொடங்கிவிட்டது.

பதிவேட்டைப் பார்த்துவிட்டேன். நானும் பாயும் போனோம். பதிவறையில் லூர்துசெல்வி என்ற அம்மா இருக்கிறார். நீ சொன்ன மாதிரி ஒன்றும் கிழியவில்லை. ஒவ்வொரு வருஷத்தையும் துணியில் கட்டி அடுக்கி வைத்திருக்கிறார்.

2014 பிப்ரவரி, மஞ்சக்குட்டை முகாம். கண்ணம்மாள், வயது 41. வலது கீழ்க் கடைவாய், பல் எண் 46. வலி என்று எழுதியிருந்தது 47. பிடுங்கியது 46. ஆசிரியர் கையெழுத்து ஒரே மையில், ஒரே சாய்வில், பக்கம் முழுவதும் மேலிருந்து கீழே ஒரே மூச்சில் போட்டது மாதிரி இருந்தது. மாணவர் கையெழுத்து இருந்த இடத்தை நான் இரண்டு தடவை பார்த்தேன்.

பாய்க்குக் கண்ணாடி இல்லாமல் தெரியாது. "என்ன போட்டிருக்குது தங்கச்சி?" என்றார். "அப்பறம் சொல்றனுங்க" என்று கட்டி வைக்கச் சொல்லிவிட்டேன்.

அடுத்த கூட்டம் நவம்பர் 18. அன்பழகன் சாரும் வருகிறார்.

நான் உன்னை ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிடு. தூங்கு.

அக்கா


ஜபல்பூர்,
02.11.2023

அக்கா,

நலம் விசாரித்து எழுத இன்று கை வரவில்லை. மன்னியுங்கள்.

அந்தக் கையெழுத்து என்னுடையதுதான். பார்த்ததும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். எழுதக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து 'சௌ'வை நான் அப்படித்தான் சுழிப்பேன்.

எனக்குப் பரீட்சை எழுத இரண்டு பல் குறைந்தது. அதற்கு மூன்று வாரம்தான் இருந்தது. பஸ்ஸில் நம் மலை ஆட்கள் வந்து இறங்கினார்கள். நான் கரடியூர் என்று யாரிடமும் சொல்லவில்லை. கூடப் படித்தவர்கள் முன்னால் வெட்கமாக இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

கண்ணம்மாள் அம்மா வாயைத் திறந்தார். 47 ஆழமான சொத்தை. வேர் வளைந்தது. அதைப் பிடுங்க எனக்குப் பயம். உடைந்துவிட்டால் எண்ணிக்கையில் சேராது. பக்கத்தில் 46 லேசாக ஆடியது. சுத்தம் செய்து மருந்து கொடுத்திருந்தால் நின்றிருக்கும். எனக்கு அது தெரியும் அக்கா. தெரியாமல் செய்யவில்லை. அதுவும் ஆடுகிறது, இன்றில்லாவிட்டால் நாளைக்குப் போகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆசிரியர் வந்து பார்க்கவில்லை. மாலையில் சீட்டுகளைக் கட்டாக வாங்கிக் கையெழுத்துப் போட்டார். அவர் இப்போது உயிருடன் இல்லை. அவர் மேல் பழி போட இதை எழுதவில்லை. கை என்னுடையது.

எழுந்து போகும்போது அந்த அம்மா, "வலிக்கவே இல்ல சாமி, நல்லாப் படி" என்று என் கன்னத்தைத் தொட்டார்.

நான் பாஸானேன். நீங்கள் ஊருக்கெல்லாம் இனிப்புக் கொடுத்தீர்கள்.

இத்துடன் குழுவுக்கு ஒரு வாக்குமூலம் வைத்திருக்கிறேன். தேதி, பெயர், கையெழுத்து எல்லாம் உண்டு. அதை வாசியுங்கள். என் பெயரை மறைக்க வேண்டாம். எங்கள் துறைத் தலைவரிடம் நேற்றே சொல்லிவிட்டேன். இந்த வருஷம் வர வேண்டிய பதவி உயர்வு நிற்கலாம். டாக்டர் என்ற பதிவுக்கே ஆபத்து வரலாம். தெரிந்துதான் அனுப்புகிறேன்.

நீங்கள் என்னிடம் கேட்காமல் விட்ட அந்தக் கடிதத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சௌமியா


கரடியூர்,
20.11.2023

என் கண்ணு சௌமியா,

நான் நலம். நீயும் நன்றாக இருப்பாய். இதைப் படித்துவிட்டுத் தைரியமாகச் சாப்பிடு.

உன் கடிதம் வந்த அன்று தோட்டத்துக்குப் போகவில்லை. உன் மாமா அதை இரண்டு தடவை படித்தார். பிறகு, "அவ எழுதிட்டா. நீ வாசிச்சுத்தான் ஆகோணும்" என்று மட்டும் சொன்னார்.

கூட்டத்தில் நான் எழுந்து நின்றேன். "ஆதாரம் கேட்டீங்க, கொண்டாந்திருக்கறனுங்க. ஆனா இதுல இருக்கற பேரு என் கூடப் பொறந்தவ பேரு. அதனால இத நான் வாசிக்கறதும் நாயமில்ல, ஓட்டுப் போடறதும் நாயமில்ல. வெளிய இருக்கறனுங்க" என்று சொல்லிக் காகிதத்தைப் பாயிடம் கொடுத்துவிட்டு வராந்தாவில் போய் உட்கார்ந்தேன். குழுவில் உட்கார்ந்த பெருமையெல்லாம் உள்ளேயே நின்றுவிட்ட மாதிரி இருந்தது. லூர்துசெல்வி டீ கொண்டுவந்து வைத்தார். ஆறிப் போனது.

உள்ளே நடந்ததைப் பாய் பிறகு சொன்னார். அவர் வாசித்து முடித்ததும் ஒரு டாக்டர், "இது பழைய கதை, இப்போது அப்படி இல்லை" என்றாராம். அப்போது தீபிகா எழுந்து, "எனக்கு இப்பவே நாலு பல் குறையுது சார். பிப்ரவரியில பஸ் போகுதுன்னு சொல்லியிருக்காங்க" என்றதாம். அந்தப் பெண் அதே முதல்வர் முன்னால் பரீட்சை எழுத வேண்டும், நினைத்துப் பார்.

முதல்வர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "நான் படித்த காலத்திலும் இப்படித்தான். அதனால் எனக்குத் தப்பாகவே தெரியவில்லை. இரண்டு நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கக் கூடாது" என்றாராம். அவர் அப்படிச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. "உள்ள வாங்க தங்கச்சி. ஏழுக்கு நாலு" என்றார் பாய்.

குழு பரிந்துரைத்தது இதுதான்: இனி மருத்துவக் கண்காணிப்பாளர் தனி ஆள். அவர் முதல்வருக்குக் கீழே இல்லை, நேராக அறக்கட்டளைக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆசிரியர் வந்து வாயைப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மாணவர் குறடைக் கையில் எடுக்க வேண்டும். எந்தப் பல், ஏன் என்று தமிழில் எழுதிய சீட்டு நோயாளி கையில் இருக்க வேண்டும். காப்பாற்றிய பல்லுக்கும் மாணவருக்கு மதிப்பெண் உண்டு. பரீட்சைக்கு முன்னால் முகாம் பஸ் கிடையாது. அன்பழகன் சார் டிசம்பரில் அறக்கட்டளையில் வைத்து முடிக்கிறேன் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார்.

நீ பாஸானபோது இனிப்புக் கொடுத்தேன் என்று எழுதியிருந்தாய். அன்றைக்கு உன்னை நினைத்துப் பட்ட பெருமை ஒரு கிலோ என்றால், அந்த வராந்தாவில் உட்கார்ந்து பட்டது ஒரு மூட்டை.

ஆனால் ஒன்று. காகிதத்துக்குச் சொன்னது போதாது. கண்ணம்மாளிடம் நீயே வந்து சொல்ல வேண்டும். அதை நான் செய்ய மாட்டேன்.

உன் அக்கா


ஜபல்பூர்,
29.01.2024

அன்பு அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீங்கள் கட்டிக் கொடுத்த காப்பித்தூள் வாசம் பெட்டி முழுக்க நிற்கிறது. மாமாவின் இருமல் குறைந்ததா?

மஞ்சக்குட்டையில் நீங்கள் வாசலிலேயே நின்றுவிட்டீர்கள். உள்ளே என்ன நடந்தது என்று வழி முழுக்க நீங்கள் கேட்கவில்லை, என்னாலும் சொல்ல முடியவில்லை. இப்போது எழுதுகிறேன்.

அந்த அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. சாமை புடைத்துக்கொண்டிருந்தார். முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். எண்ணிக்கை, பரீட்சை, பயம், நான் கரடியூர் என்பது, இப்போது வந்திருக்கும் புது விதி. முறத்தைக் கீழே வைத்தார்.

"தெரிஞ்சே புடுங்குனியா?" என்றார்.

"தெரிஞ்சேதானுங்க."

என்னை நிமிர்ந்து பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"ஒம்போது வருசமா நாந்தேன் தப்பான பல்லத் தொட்டுக் காட்டிப்புட்டேன்னு இருந்தேன்" என்றார். "எங்க ஊட்டுக்காரரு சாகற வரைக்கும் அதச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. வலிக்கற பல்லக்கூடக் காட்டத் தெரியாதவன்னு. நானும் ஆமாம்னு சிரிப்பேன். அப்ப நான் சரியாத்தேன் காட்டியிருக்கறேன்."

"சரியாத்தான் காட்டுனீங்க அம்மா. 47-ன்னு சீட்டுலயே எழுதியிருக்குது."

அவர் அழவில்லை. நான்தான் அழுதேன். முகத்தைத் துடைத்துவிடவும் இல்லை, போ என்று சொல்லவும் இல்லை. பிறகு, "மன்னிச்சேன்னு இப்பச் சொல்ல வாய் வரல. வரும்போது சொல்லி அனுப்பறேன்" என்றார். அருந்தவத்தில் கட்டுப்பல் வைத்துத் தர ஏற்பாடு செய்திருப்பதைச் சொன்னேன். "உன் புது சட்டப்படி ஆசிரியரு வந்து பாத்துத்தேன் வெப்பாங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப வாரேன்" என்றார்.

இங்கே விசாரணை முடிந்தது. எழுத்தில் எச்சரிக்கை, பதவி உயர்வு ஒரு வருஷம் தள்ளி. பதிவுக்கு ஆபத்தில்லை. துறைத் தலைவர் உங்கள் விதிகளை இந்தியில் கேட்டு வாங்கிக்கொண்டார். இங்கேயும் முதல்வரும் கண்காணிப்பாளரும் ஒருவரே என்பதை நான் இத்தனை நாள் உங்களுக்கு எழுதவில்லை, இல்லையா?

தங்கை,
சௌமியா


கரடியூர்,
18.03.2024

அன்புள்ள சௌமியாவுக்கு,

மாமாவின் இருமல் போய்விட்டது. காப்பிச் செடி பூத்திருக்கிறது. உனக்கு அங்கே வெயில் ஏறியிருக்கும். தண்ணீர் குடி.

முந்தாநாள், குழுக் கூட்டம் எதுவும் இல்லாத நாளில், ஆஸ்பத்திரிக்குப் போனேன், சும்மா வரிசையைப் பார்க்க. புதுக் கண்காணிப்பாளர் வந்துவிட்டார். தீபிகா பரீட்சை எழுதப் போகிறது. காப்பாற்றிய பல் மட்டும் பதினோரு எண்ணம் காட்டியதாம். கண்ணம்மாளுக்குப் போன வாரம் கட்டுப்பல் வைத்தாகிவிட்டது. உனக்குச் சொல்லச் சொல்லி ஒன்றும் சொல்லவில்லை. கேட்காதே, அவர் பாடு அது.

வரிசை நீளம். ஒவ்வொருவர் வாயையும் ஆசிரியர் வந்து பார்ப்பதால் முன்னைவிட ஒரு மணி நேரம் கூடுதல். குப்பனூர்க்காரர் ஒருவர் தாடையைப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி கத்திக்கொண்டிருந்தார். "முன்னயெல்லாம் வந்த ஒடனே புடுங்கிட்டு உடுவாங்க. இப்ப ஒருத்தன் பாக்கோணுமாம், எழுதோணுமாம், கையெழுத்துப் போடோணுமாம். எவன் போட்ட சட்டமுங்க இது?"

வரிசையே திரும்பிப் பார்த்தது. லூர்துசெல்வி என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார்.

நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டு அவர் எதிரில் போய் நின்றேன்.

"நானும் எந்தங்கச்சியும் போட்டதுங்க" என்றேன்.

உன் அக்கா,
இளவரசி